ஓய்வுக்காலச் சேமிப்பும் நன்கொடை வரிச்சலுகையும்

ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வரும் பணத்துக்கான வரியை நன்கொடை கொடுத்துக் குறைத்துக்கொள்ள இந்தியாவில் இருந்த முதன்மையான வழி, 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு. 1922 சட்டத்தின் 15பி, 1961 சட்டத்தின் 88 ஆகிய பிரிவுகளை அடுத்து, 1968 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் 2006 முதல், எழுபதரை வயது கடந்தவர் தன் ஓய்வுக் கணக்கிலிருந்து நேரே அறநிறுவனத்துக்குப் பணம் அனுப்பலாம். அது அவருடைய வருமானத்திலேயே சேராது. இங்கே அந்த வழி இல்லை. பணத்தை எடுத்து, வருமானமாகக் காட்டி, பிறகே கழிவு கேட்க வேண்டும்.

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வரிச்சிக்கல் பெரும்பாலும் வேலை மாறும்போதுதான் வருகிறது. ஐந்தாண்டுப் பணி முடியுமுன் வருங்கால வைப்பு நிதிப் (பி.எஃப்.) பணத்தை எடுத்தால் வரி உண்டு; 2015 ஜூன் முதல் குறிப்பிட்ட தொகைக்கு மேல் 10% பிடித்தமும் உண்டு. இதற்கு நன்கொடையைத் தேடுவதைவிட, கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது. பழைய பணிக்காலமும் சேர்ந்துகொள்ளும். 2016 பட்ஜெட் பி.எஃப். தொகையின் ஒரு பகுதிக்கு வரி போட முனைந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 8 அன்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதைக் கைவிட்டார்.

80ஜி உண்மையில் கைகொடுத்தது மாத ஓய்வூதியம் வாங்குவோருக்கு. தாம்பரம் பக்கத்து ரயில்வே, விமானப்படை ஓய்வூதியர்களின் மாதத் தொகை வரிக்குரியது, தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் (என்.பி.எஸ்.) ஆன்யுட்டியும் அப்படியே. பழைய வரிமுறையில் 8 லட்சம் வருமானம் உள்ளவர் 50% கழிவுள்ள ஓர் அறக்கட்டளைக்கு 1 லட்சம் கொடுத்தாரென்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 10%, அதாவது 80,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதில் பாதி, 40,000 கழியும். 20% வரியும் 4% செஸ்ஸும் சேர்த்து மிச்சமாவது 8,320 ரூபாய். அதே தொகையை முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்திருந்தால் முழுவதும் கழிந்து 20,800 ரூபாய் மிஞ்சும்.

பொருளாகக் கொடுப்பதற்குக் கழிவே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூருக்குப் போன அரிசியும் போர்வையும் வரிக் கணக்கில் ஏறாதவை. ரொக்கத்துக்கான வரம்பும் 2017-18 முதல் 10,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகக் குறைந்தது.

பெரிய மாற்றம் 2020-21இல் வந்த புதிய வரிமுறை. அதில் 80ஜி கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பு முறை. 2025-26 முதல் 12 லட்சம் வரை வரியே இல்லாததால், மேலே சொன்ன ஓய்வூதியருக்கு இன்று நன்கொடை ரசீது தேவைப்படாது. அவருக்கு அது ஆதாயமே. ஆனால் அதற்கு மேல் வருமானம் உள்ள ஓய்வூதியர், சலுகைக்காகப் பழைய முறைக்குப் போனால் பெரும்பாலும் கூடுதல் வரி கட்ட நேரும். கொடுக்க மனமுள்ளவரை இப்படி நிறுத்துவது சரியல்ல. புதிய முறையிலும் 80ஜி இடம்பெற்றிருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025 வருமான வரிச் சட்டத்தில் அப்பிரிவின் எண் 133 என்றாகிறது. அங்கும் இந்தச் சலுகை பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.