பிழையில் பிறந்த பச்சை

கேமரா மெனுவில் ‘கலர் ஸ்பேஸ்’ என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அதில் இரண்டே பெயர்கள்தான்: எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி. இரண்டாவதில் நிறம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க நாற்றங்கால்களைப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டோஷாப்பில் திறந்தபோது இளம்பயிர் கண்ணில் பார்த்தபடியே இருந்தது. அதே கோப்பைச் சாதாரணமான ஒரு பட மென்பொருளில் திறந்தேன். மூன்று நாள் தண்ணீர் காணாத பயிர்போல வெளிறிக் கிடந்தது. கோப்பு ஒன்று, மானிட்டர் ஒன்று, பச்சை மட்டும் இரண்டு.

படக்கோப்புக்குள் நிறம் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. சிவப்பு 0, பச்சை 255, நீலம் 0 என்றால் ‘உள்ளதிலேயே முழுப் பச்சை’ என்று பொருள். அது எந்தப் பச்சை என்று அந்த 255க்குத் தெரியாது. பத்து மரக்கால் நெல் என்றால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்ததே, அந்தக் கதைதான். எந்த ஊர் மரக்கால் என்று கோப்போடு கட்டி அனுப்பும் சீட்டுக்குப் பெயர் ஐசிசி புரொஃபைல். கிரிக்கெட் ஐசிசி அல்ல. 1993இல் ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாஃப்ட் முதலிய 8 நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய வண்ணக் கூட்டமைப்பு.

சீட்டு எழுத ஒரு பொது வரைபடம் வேண்டும். அது 1931லேயே தயார். லண்டனில் டேவிட் ரைட்டும் டெடிங்டனில் ஜான் கில்டும் தனித்தனியாக, மொத்தம் 17 பேரின் கண்களைக் கொண்டு நிறங்களைப் பொருத்திப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது அது. லாட வடிவில் ஒரு படம். மனிதக் கண் காணும் எந்தச் சாயலுக்கும் அதில் இரண்டு எண்களில் ஒரு முகவரி உண்டு.

1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் அன்றைய சாதாரண மானிட்டரையே அளவாக வைத்து எஸ்ஆர்ஜிபியை முன்மொழிந்தன. சீட்டு இல்லாத கோப்பையெல்லாம் இந்த மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பச்சையின் முகவரி 0.30, 0.60. திரைக்கு அது போதும். அச்சு மையின் சில நீலப்பச்சைகள் அதற்கு வெளியே விழுகின்றன.

இங்கேதான் நம் கதாநாயகன் பிறக்கிறான், அதுவும் தப்பாக. 1998இல் போட்டோஷாப் 5.0 வெளிவர இருந்த நேரம். போட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ் நால், அதற்கென ஒரு புரொஃபைல் செய்ய எஸ்எம்பிடிஇ 240எம் என்ற தொலைக்காட்சித் தர ஆவணத்தைக் கையில் எடுத்தார். அதிலிருந்து எடுத்த எண்களோடு மென்பொருள் வெளியானது. அகலமான பச்சையைப் பார்த்துப் பயனர்கள் மகிழ்ந்துபோனார்கள். ஆவணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் சிலர் மட்டும் அடோபிக்குச் சொல்லி அனுப்பினார்கள்: நீங்கள் எடுத்திருப்பது தரத்தின் எண்களே அல்ல, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆவணம் குறித்திருந்த இலட்சிய எண்கள்! போதாக்குறைக்குச் சிவப்பின் முகவரியை எடுத்தெழுதும்போது ஒருவர் கைதவறி வேறு எழுதியிருந்தார்.

திருத்தப் பார்த்தார்கள். சிவப்பைச் சரிசெய்தார்கள், வெண்மைப் புள்ளியை நகர்த்தினார்கள். எதைத் தொட்டாலும் அச்சுக்கான நான்கு மை வண்ணத்துக்கு மாற்றும்போது முன்பைவிட மோசமாகவே வந்தது. சரியான எண்களைப் போட்டாலோ, கிட்டத்தட்ட எஸ்ஆர்ஜிபிக்கே திரும்பிப் போன கதை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கடைசியில் எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பெயரைத்தான் மாற்றினார்கள்: அடோபி ஆர்ஜிபி (1998). இந்த இடத்தில் எனக்கு அடோபியைக் குறைசொல்லத் தோன்றவில்லை. தப்பை மறைக்கத் தரத்தின் பெயரையே ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கலாம், செய்யவில்லை.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை. சிவப்பு 0.64, 0.33, நீலம் 0.15, 0.06. இரண்டும் எஸ்ஆர்ஜிபியில் உள்ளவையேதான். கைதவறிய சிவப்பு நேராக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. பச்சை மட்டும் 0.21, 0.71. அது 1953ஆம் ஆண்டின் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சித் தரத்தின் பச்சை. அடோபி ஆர்ஜிபியின் காமாவும், அதாவது கோப்பின் எண்ணை ஒளியின் அளவாக மாற்றும் அடுக்கும், 2.2 அல்ல, 2.19921875. புரொஃபைலில் அந்த எண்ணை 256இல் இத்தனை பங்கு என்றுதான் எழுத முடியும், 563.2 என்று எழுத வழியில்லாமல் 563இல் நிறுத்தியதன் விளைவு.

என் நாற்று வெளிறியதற்கும் இந்தப் பச்சை வித்தியாசம்தான் காரணம். அந்தச் சாதாரண மென்பொருள் சீட்டைப் படிக்கவே இல்லை. பெரிய மரக்காலில் அளந்ததைச் சின்ன மரக்காலின் கணக்கில் கொட்டிவிட்டது. இதற்கு மருந்து போட்டோஷாப்பின் ‘கன்வர்ட்’. பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன்’ அல்ல. அசைன் சீட்டை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. படத்தின் நிறம் அங்கேயே கெட்டுவிடும். கன்வர்ட்தான் நெல்லை மறுபடி அளந்து போடுகிறது. வெளியே அனுப்பும் படத்தை எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்துவிட்டால் போதும், மூலக்கோப்பு அப்படியே கிடக்கட்டும்.

எது எந்த மரக்கால் என்று திறக்காமலே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. பெரும்பாலான கேமராக்கள் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த கோப்பின் பெயரை ஓர் அடிக்கோட்டில் தொடங்குகின்றன. அன்றைய நாற்றங்கால் படங்களின் பட்டியலை இப்போது திறந்து பார்த்தேன். முதல் கோப்பிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அந்தக் கோடு நிற்கிறது.