மகமையும் கல்லூரிக் கட்டணமும்

மகனை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வக்கீல் தொழிலோ உத்தியோகமோ உடைய சில குடும்பங்களுக்கே இயன்றது. திருச்சுழியில் வழக்குகளை நடத்திவந்த சுந்தரமையரின் மகனும் பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவருமான வேங்கடராமன், உள்ளூரில் தொடக்கக் கல்வியை முடித்தபின் திண்டுக்கல்லுக்கும், 1892இல் தந்தை இறந்தபின் சிற்றப்பா வீட்டை அண்டி மதுரைக்கும் செல்ல நேர்ந்தது. 1896 ஆகஸ்டில் அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்ட 3 ரூபாய், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துமாறு அவரிடம் தரப்பட்ட 5 ரூபாயிலிருந்து எடுக்கப்பட்டதே. மீதி 2 ரூபாயை அவர் வீட்டிலேயே வைத்துச் சென்றார். ஆன்மிக வரலாறு பெரிதாகப் பேசும் இந்நிகழ்ச்சி, கல்லூரிக் கட்டணம் அக்காலத்தில் குடும்பத்தார் கைப்பணமாகக் கட்டிய செலவு என்பதற்கும் சான்றாகிறது.

மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் விளைவித்த கரிசல் குடும்பத்தால், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தவறாமல் வந்து நிற்கும் கட்டணத்துக்கெனப் பணம் ஒதுக்க இயலாது. இதற்கு இப்பகுதி கண்ட மாற்று வழி வணிகத்திலிருந்து பிறந்தது. விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி முதலிய ஊர்களில் பேட்டை, அதாவது வண்டிப் பொதிகளை இறக்கிக் காக்கும் மதில் சூழ்ந்த வளாகம், அமைத்து வாழ்ந்த நாடார் வணிகர், ஊரிலுள்ள தம் குலத்துக் குடும்பத் தலைவர்கள் ஒன்றுகூடும் உறவின்முறை என்னும் அமைப்புக்குத் தம் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைச் செலுத்திவந்தனர்; இதுவே மகமை. கிணற்றுக்கும் கோயிலுக்கும் செலவான இந்நிதியிலிருந்து விருதுநகரில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீடுதோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் பிடியரிசி முறையும் அதன் செலவைத் தாங்கியது. காமராசர் படித்தது இப்பள்ளியில்தான்.

இம்முறையின் நுட்பம் யார் செலுத்தினர் என்பதில் அடங்கியுள்ளது. பிள்ளை இல்லாத கடைக்காரரும் ஐந்து பிள்ளை பெற்றவரும் சரக்கின் அளவைப் பொறுத்தே மகமை கொடுத்தமையால், படிப்புச் செலவு பெற்றோர் என்ற நிலையிலிருந்து பிரிக்கப்பட்டு வியாபாரத்தின் மீது ஏற்றப்பட்டது. ஆயின் அதன் எல்லையும் அங்கேயே உள்ளது: வியாபாரம் இல்லாத மானாவாரி உழவருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் இத்தகைய பொதுப்பெட்டி வாய்க்கவில்லை. பிற சாதிப் பிள்ளைகளையும் பள்ளி சேர்த்துக்கொண்டதென்றாலும், உறவின்முறை ஒரு சாதியின் அமைப்பாகவே நீடித்ததை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

பள்ளியைப் போலவே கல்லூரியும் சாதி அமைப்புகளின் வழியே வந்தது: அருப்புக்கோட்டையில் 1970இல் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியும் தோன்றின. முன்னது நெசவுத் தொழிலில் ஊன்றிய தேவாங்கருடையது. பின்னது நாடார் உறவின்முறையுடையது. பிள்ளையை மதுரைக்கு அனுப்பித் தங்கவைக்கும் செலவு இவற்றால் பலருக்குக் குறைந்தது.

1984இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்ததிலிருந்து போக்கு திரும்பியது; கட்டணம் மீண்டும் தனிக் குடும்பத்தின் தலைமீது இறங்கியதால், பெண்ணின் திருமணத்துக்கெனச் சேர்த்த நகை அடகுக்கடைக்குப் போவதும், சீட்டுப் பணம் சேர்க்கைக் காலத்தில் எடுக்கப்படுவதும், நிலம் கைமாறுவதும் வழக்கமாயின. 2001இல் வகுக்கப்பட்ட வங்கிக் கல்விக்கடன் திட்டம் பெற்றோரைக் கூட்டுக் கடனாளியாக்கியது. கடந்த காலத்தில் சேர்த்த பணத்துக்குப் பதில் பிள்ளையின் வருங்காலச் சம்பளம் கணக்கில் கொள்ளப்பட்டது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருப்பின் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முறையில் தொழிற்கல்லூரியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை 2010 முதல் அரசு ஏற்க வழிசெய்தது. விடுதிக் கட்டணமும் உணவுச் செலவும் அதில் அடங்குவதில்லை. அவற்றைப் பெற்றோரே செலுத்துகின்றனர்.