தகடூர்த் தேறலும் திருச்செங்கோட்டு விமோசனமும்

பிரான்சு நாட்டின் போர்தோ வட்டாரத்துச் செந்திராட்சை மதுவில் உயர்ந்த வகைகளுக்கு அகவை கூடக்கூட மதிப்பும் கூடும். 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியை முன்னிட்டு அவ்வட்டாரத்துத் தோட்டங்கள் தரவரிசைப்படுத்தப்பட்டபோது லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம் பெற்றன. குப்பியின்மேல் தோட்டத்தின் பெயரோடு அறுவடை ஆண்டும் பொறிக்கப்படும். சேலம், நாமக்கல் சமவெளியின் கள்ளுக்கோ ஆண்டும் இல்லை, அகவையும் இல்லை. காலையில் இறக்கியது மறுநாளைக்குள் புளித்துவிடும். ஆயினும் இம்மண்ணின் மதுவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஏடுகளே காத்து வைத்துள்ளன.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் இன்றைய தருமபுரியாகும். 1965 வரை அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவன் மறைந்தபின் ஒளவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல், அவனது மதுவையே முதலில் நினைவுகூர்கிறது. குறைவாய் இருந்தபோது புலவருக்கே ஈந்தான். மிகுந்தபோது பாட்டுக் கேட்டு உடனுண்டான். நக்கீரரோ பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கொணர்ந்த தேறலைச் சுட்டுகிறார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் அக்கூற்றுக்கு அரண் செய்கின்றன. உள்ளூர் மதுவாயினும் கடல் கடந்த மதுவாயினும், அப்பாடல்களில் அது கொடையின் ஓர் உறுப்பு. செலவு புரவலனுடையது, மகிழ்ச்சி இருவருக்கும் பொது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை தலைகீழாயிற்று. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் மது அரசின் வருவாய்ப் பொருளாக நிலைபெற்றது. விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகுதியாய் ஏலம் கேட்ட குத்தகைதாரர் மிகுதியாய் விற்றாக வேண்டும். மரத்துக்கு வரி, கடைக்குக் குத்தகை என்று பெருகிய சுமையெல்லாம் இறுதியில் கூலியாளின் அன்றாடக் காசின்மேல் வந்து விழுந்தது. கொடுப்போன் கையில் இருந்த கலம் பறிப்போன் கைக்கு மாறியது.

இம்மாற்றத்தை எதிர்த்த எழுத்தும் இதே சமவெளியில்தான் பிறந்தது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்னும் தமிழ் இதழ் வெளிவந்தது. அதில் துணைநின்று உழைத்தவர் பின்னாளில் புகழ்பெற்ற கல்கி. குடியால் சிதையும் ஏழைக் குடும்பத்தை இராஜாஜியே 'திக்கற்ற பார்வதி'யில் படைத்துக் காட்டினார்.

அவர் சென்னை மாகாண முதல்வரானதும், 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களும் அன்று அதனுள் அடங்கியிருந்தன. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. குடும்பங்களில் கூலிப் பணம் மிஞ்சிற்று. ஆனால் மரமேறிப் பிழைத்தோரின் தொழில் போயிற்று. அவர்தம் இழப்பைச் சொல்லாது இவ்வரலாறு நிறைவுறாது. 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. பின்னர் மீண்டும் வந்து, மீண்டும் விலகியது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது.

ஒளவையின் பாடலையும் விமோசனத்தின் பக்கங்களையும் அருகருகே வைப்போர்க்கு அவை ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். ஊன்றி நோக்கின் இரண்டும் ஒரே வினாவைக் கேட்கின்றன: இந்தக் கலத்துக்கு விலை கொடுத்தவர் யார்? அதியமான் கொடுத்தபோது புலமை அவனைப் போற்றியது. கூலியாளின் மனைவியும் மக்களும் கொடுத்தபோது அதே புலமை அவர்கள் பக்கம் நின்றது. சேலம், நாமக்கல் மண்ணில் எழுதுவோர்க்கு இவ்விரு மரபும் உரிமையுடையன.