கல்லாற்றில் ஒரு கேஸ் கட்டு

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை, அப்புறம் ஊருக்குப் போய் வந்த களைப்பு. ஊர் என்றால் கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகிற வழியில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வரும். ஆறு முழுக்க உருண்டைக் கற்கள், அதனால்தான் அந்தப் பெயர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கெழுத வந்த தாத்தா, அங்கே கொஞ்சம் இடம் வாங்கிப் போட்டார். அந்த இடத்துக்காக அப்பாவும் சித்தப்பாவும் பல வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

பழைய வக்கீல் காலமாகிவிட்டார். இப்போது ஆபீஸ் ஒரு இளைஞர் கையில். கட்டைக் கேட்டேன். "எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சு சாரே, இப்ப பாருங்க" என்று ஏஐ-யிடம் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் முப்பது வருட வழக்கின் சுருக்கம் வந்துவிட்டது. அசந்துதான் போனேன்.

பிறகு நிதானமாகப் படித்தேன். கிரயப் பத்திரத்தின் வருடம் 1929 என்று இருந்தது. அப்போது தாத்தாவுக்கு ஐந்து வயது! பத்திரத்தில் இருந்தது கொல்லம் ஆண்டு 1129, அதாவது 1953-54. யாரோ எழுத்துப்பிழை விட்டதாக நினைத்து மெஷின் அதைத் திருத்தியிருக்கிறது. கூடவே, சித்தியின் பிரமாணப் பத்திரத்தில் இருந்த ஒரு குடும்ப விஷயமும் பளிச்சென்று வந்திருந்தது. "எந்த அக்கவுண்ட்ல போட்டீங்க?" என்றேன். "ஃப்ரீதான் சாரே." கதவோரம் சாக்கு மூட்டைகள். ஸ்கேன் முடிந்த கட்டுகளாம். மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியவை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் ஆட்கள் இதை முன்பு எப்படிச் செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகள் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதப்பட்ட ஓலைகள். சுமார் 3,000 சுருணைகள், ஒரு சுருணைக்கு ஏறக்குறைய 1,000 ஓலை. ஆக 30 லட்சம் ஓலை. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று பல எழுத்துகள். மகாகவி உள்ளூர் பரமேஸ்வர ஐயர் 1941-ல் அதில் ஒரு பகுதியைத்தான் வெளியிட முடிந்தது. மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதி வைத்ததைத் திருப்படி தானம் என்பார்கள். கோயில் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பு சொன்னபோது, அதுவரை பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தக் காகிதம் 270 வருடம் கழித்து வேண்டியிருக்கும் என்று எழுதினவனுக்கு எப்படித் தெரியும்?

ஓலையும் நிரந்தரம் இல்லை. பூச்சி அரிக்கும், முன்னால் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுத்ததும் பழைய ஏட்டைத் தீயிலோ ஆடிப்பெருக்கு ஆற்றிலோ போட்ட கதைகளை உ.வே.சா. வயிறெரிந்து எழுதியிருக்கிறார். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று பழமொழியே உண்டு. ஒரு பிரதியின் பிழையை இன்னொரு பிரதியை வைத்துத்தான் அவரால் பிடிக்க முடிந்தது. இன்றைக்கு ஏடெழுதுகிறவன் மெஷின். அசலை எடைக்குப் போட்டுவிட்டால் 1929-ஐ எதை வைத்துப் பிடிப்பது?

இதுவரை சொன்னது வைத்துக்கொள்கிற பக்கம். அழிக்கிற பக்கமும் இருக்கிறது. எங்கள் தொழிலில் அதற்குச் சட்டமே உண்டு. எந்தப் பதிவேட்டை 5 வருடம், எதை 8 வருடம் வைக்க வேண்டும் என்று இந்திய வங்கிகளுக்கு 1985-ல் விதி போட்டார்கள். ஒரு ஃபைலை அழித்தால், எந்த உத்தரவின் பேரில், யார் கையெழுத்தில் என்று இருக்கும். வெளி சர்வரில் ஏற்றிய பிரதிக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த சாட் பதிவுகளையும் பத்திரமாக வைக்கச் சொல்லி ஓப்பன்ஏஐ-க்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது. செப்டம்பரில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் கணக்குகள் அதில் சிக்கவில்லை, ஃப்ரீ கணக்குகள் சிக்கின. நம் இளைஞர் பயன்படுத்தியதும் அந்த ரகம்தான்.

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே விடக்கூடாது என்பது 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலை முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு. கேரள உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில் கீழ்க் கோர்ட்டுகளுக்கு ஏஐ கொள்கை கொண்டுவந்தது. தீர்ப்பை மெஷின் முடிவு செய்யக்கூடாது, அனுமதி இல்லாத கிளவுட் கருவிகள் கூடாது, மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும், பயன்படுத்தியதற்கெல்லாம் பதிவு இருக்க வேண்டும். இது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான். ஆனால் ஒரு வக்கீல் ஆபீஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலையிலேயே போனேன். இளைஞர் கெட்டவர் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேருமாகச் சாக்கைப் பிரித்தோம். கிரயப் பத்திரம் போனாலும் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் வாங்கிவிடலாம். ஆனால் அடியில், பதிவு செய்யாத ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. ஆற்றோரப் பலாமரம் இருவருக்கும் பொது என்று அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டது. அதற்கு வேறு எங்கும் நகல் கிடையாது. இரண்டு பேரும் இப்போது இல்லை.

கட்டு இப்போது அம்மாவின் பீரோவில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு வக்கீலிடம் ஒரு கட்டு இருக்கும். அடுத்த லீவில் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அசல் எங்கே? ஏஐ-யில் போட்டீர்களா, எந்தக் கணக்கில்? அழிப்பதற்கு முன்னால் என்னிடம் சொல்வீர்களா? கேட்டால் வக்கீல் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். அந்த இளைஞர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.