குருமார் இல்லாத சபை: கொச்சி யூதரின் யோகம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலி கங்கையை அண்டிக் கிடக்கிறது வில்கமுவ. நெல்வயலே அப்பகுதி மக்களின் சீவாதாரம். பெரும்போகமும் சிறுபோகமும் தொடங்குமுன் கமக்காரர் ஒன்றுகூடுவர். நீர் திறக்கும் நாளையும், விதைக்கும் நாளையும், வேலி அடைக்கும் நாளையும் தாமே பேசி முடிவு செய்வர். விகாரையை நோக்கினும் முறை இதுவே. பிக்கு அறம் உரைப்பார். கூரையைச் செப்பனிடுவதும், தானத்துக்கு முறை வகுப்பதும், விழாவை நடத்துவதும் தாயக சபையாரின் பொறுப்பு. பகலில் மண்வெட்டி பிடித்த கைகளே மாலையில் கணக்கேட்டையும் பிடிக்கின்றன. அதற்கு ஊதியம் இல்லை. ஊராரின் நம்பிக்கை ஒன்றே கூலி.

அறம் உரைக்கும் குருவும் இன்றி, இத்தகைய சாதாரண குடிமக்களே ஒரு மதசபை முழுவதையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. கடலைத் தாண்டினால் மலையாளக் கரையிலே, கொச்சியிலே வாழ்ந்த யூதரின் வரலாறு அதனைக் கூறுகிறது.

யூத சமயத்தில் ஒரு காலத்தில் ஆசாரியர் மரபு ஓங்கி நின்றது. எருசலேம் நகரத்துப் பேராலயத்தில் பலியிடும் உரிமை அம்மரபினருக்கே இருந்தது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமானியப் படை அவ்வாலயத்தை அழித்தபின், பலியும் நின்றது. பலிபீடத்தின் அதிகாரமும் மறைந்தது. அதன்பின் சமயத்தின் உயிர்நிலையாய் நின்றது தொழுகைக் கூடமே. அங்கே பொதுத் தொழுகை நடத்துவதற்குக் குரு வேண்டியதில்லை. பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடினாற் போதும் என்பது பழைய விதி. ஓதத் தெரிந்த எவரும் முன்னின்று ஓதலாம். 'ரபி' எனப்படுபவர் சட்டம் கற்ற ஆசான். அவர் இல்லாவிடினும் தொழுகை தடைப்படாது.

குரு இல்லாத இடத்தில் ஒழுங்கு எவ்வாறு நிலைபெறும்? இதனை யூத முன்னோர் நன்கு சிந்தித்திருந்தனர். ஏழைகளுக்கான அறப்பணத்தைத் தண்டுவோர் இருவராயினும் இருத்தல் வேண்டும். அதனைப் பகிர்ந்தளிப்போர் மூவராதல் வேண்டும் என்று அவர்தம் சட்ட நூல்கள் வகுத்தன. தனியொருவன் கையில் பொதுப்பணம் சேரலாகாது என்பது முதல் விதியின் கருத்து. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது வழக்குத் தீர்ப்பதை ஒத்தது. ஆதலால் நீதிமன்றம் போல மூவர் வேண்டும் என்பது இரண்டாவதன் கருத்து. பொதுமக்களைக் கலந்து கொள்ளாமல் அவர்கள்மேல் ஒரு தலைவனை நியமித்தல் ஆகாது என்பதும் அவர்கள் கொண்ட நெறி. பொதுக்காரியம் நடத்தும் எக்குழுவுக்கும் இவை இன்றும் பொருந்தும் அல்லவா?

கொச்சி யூதரின் பழமைக்குச் சான்றாய் நிற்பது ஒரு செப்பேடு. ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டில், முயிரிக்கோட்டில் இருந்தருளிய சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் அதனை வழங்கினான். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழியோ தமிழுக்கு மிக நெருங்கியது. அதனைப் பெற்றவனின் பெயர் இஸ்ஸுப்பு இரப்பான், அதாவது யோசேப்பு ரப்பான். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும், எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும், வரிவிலக்கும் அவனுக்கு அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, முரசு, தோரணம் ஆகியவை அச்சிறப்புகளுட் சில. இவையெல்லாம் குருவுக்கு உரிய சிறப்புகள் அல்ல. குடிகளுள் தலைவனாய் நின்ற ஒருவனுக்கு அளித்த சிறப்புகள். முதலிலிருந்தே அம்மக்களின் தலைமை வணிகனிடமும் குடும்பத் தலைவனிடமும் இருந்தது என்பதை இது புலப்படுத்துகிறது.

பிற்காலத்தில் மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பறவூர், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என எட்டுத் தொழுகைக் கூடங்கள் நிலவின. ஒவ்வொன்றையும் சார்ந்த சபைக்கு 'யோகம்' என்று பெயர். அந்நாட்டு ஊர்ச்சபைகளுக்கும் கோயிற்சபைகளுக்கும் வழங்கிய அதே சொல்லை யூதரும் தமதாக்கிக் கொண்டனர். யோகத்தின் மூத்தோர் கூடிக் கூடத்தின் சொத்தையும், விழாச் செலவையும், ஏழைகளின் பராமரிப்பையும் கவனித்தனர். தொழுகையை முன்னின்று பாடுவோர், விதிப்படி விலங்கை அறுப்போர், பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்பிப்போர், கூடத்தைக் காப்போர் என்று பணிகள் பகிரப்பட்டிருந்தன. பெண்கள் தொழுகையை நடத்தவில்லை. எனினும் மலையாளத்தில் அவர்கள் இயற்றிப் பாடிய பாடல்கள் ஏடுகளில் எழுதப்பெற்று, திருமண வீடுகளிலும் விழாக்களிலும் சமயக் கதைகளை வழங்கி வந்தன.

அரசனுக்கும் சபைக்கும் இடையே நின்றவர் முதலியார். கொச்சி மன்னர்கள் யூதருள் ஒருவரை அப்பட்டத்துடன் தலைவராக ஏற்றனர். இலங்கையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளில் முதலியார் பதவி பெற்றிருந்த செல்வாக்கை அறிந்தவர்களுக்கு இப்பட்டம் புதியதன்று. 1568ஆம் ஆண்டில் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடம் அரண்மனையை ஒட்டியே அமைந்தது. போர்த்துக்கேயரால் 1662இல் அது சேதமுற்றது. அடுத்த ஆண்டில் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் பழுது நீக்கப்பட்டது. ஒல்லாந்தக் கம்பெனியின் தலைமை வணிகராய் விளங்கிய எசேக்கியேல் ரகாபி (1694-1771) அச்சபையின் தலைமகன். கூடத்தின் மணிக்கூண்டும், தரையிற் பதித்த சீனத்து நீலவோடுகளும் அவர் காலத்தனவே. அவர் குருவல்லர், மிளகு வணிகர்.

கொச்சியின் முறை வடக்கேயும் சென்று உதவிற்று. கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் நெடுங்காலம் எபிரேய மொழியறிவு இன்றி வாழ்ந்தவர்கள். அவர்களுள் ஆங்கிலக் கம்பெனிப் படையில் அதிகாரியாய் இருந்த சாமுவேல் எசேக்கியேல் திவேக்கர் என்பார் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மீண்டபின் பம்பாயில் 1796ஆம் ஆண்டில் ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினார். அதற்கு வேண்டிய ஆசிரியர்கள் கொச்சியிலிருந்து சென்றனர். கட்டியவர் போர்வீரர், கற்பித்தவர்களோ கொச்சியின் சாதாரண குடிமக்கள்.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆயினும் குடிமக்களின் தலைமைக்கு ஒரு நோயும் உண்டு. சபையே அதிகாரம் உடையதாயின், சபை யாருடையது என்னும் கேள்வி எழுகிறது. கொச்சியில் அக்கேள்வி கொடிய வடிவில் எழுந்தது. மேனாட்டிலிருந்து பின்னாளில் வந்து குடியேறிய பரதேசிகள், பழங்குடியான மலபார் யூதரைத் தமக்கு நிகராகக் கொள்ளவில்லை. பரதேசிக் கூடத்துக்குள்ளேயே, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள் என்று சிலர் ஒதுக்கப்பட்டனர். அவர்கள் இருக்கையில் அமரலாகாது. திருமறை வாசிக்க அழைக்கப்படார். பரதேசிக் குடும்பத்தில் மணம் செய்யார். சுற்றியிருந்த நாட்டின் சாதி வழக்கம் அங்கும் புகுந்துவிட்டது.

தீர்ப்புக் கூற உள்ளூரில் ரபி இல்லாமையால், 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்குக் கடல் கடந்து கெய்ரோ நகரத்து தாவீது இபுனு அபி சிம்ராவிடம் சென்றது. முறைப்படி யூத நெறியில் சேர்ந்தவர்களை விலக்குதல் தகாது என்பதே அவர் தீர்ப்பின் சாரம். அவருடைய மாணவரும் அவ்வாறே தீர்ப்பளித்தார். ஆனால் தீர்ப்பு ஏட்டில் நின்றது; வழக்கம் நாட்டில் நின்றது. தீர்ப்பை நடைமுறையாக்க வேண்டிய மூத்தோரே வழக்கத்தால் பயன்பெற்றவர்கள் ஆதலால், நானூறு ஆண்டுகளாக நிலைமை மாறவில்லை.

மாற்றம் சபைக்குள்ளிருந்தே வந்தது. 1882ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டோர் குடும்பமொன்றில் பிறந்த ஆபிரகாம் பாராக் சேலம், சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். தொழிலாளர் நலனுக்கும் உழைத்தவர். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தவர். 1929இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அவர் தொழுகைக் கூடத்தின் வாயிலுக்குள் கொண்டுவந்தார். கூடத்தைப் புறக்கணித்தும், பின்னர் மறுக்கப்பட்ட இடத்திலேயே அமர்ந்தும் அவர் போராடினார். கை ஓங்கவில்லை, கூடத்தை விட்டு வேறொன்று கட்டவுமில்லை. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. 1950ஆம் ஆண்டில் அவருடைய மகன் ஒருவருக்கும் பரதேசிப் பெண் ஒருத்திக்கும் திருமணம் நடந்தபோது எதிர்ப்பு எழுந்தது. எனினும் பழைய சுவர் பிளந்துவிட்டது. 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர்.

விந்தை யாதெனில், சமத்துவம் கைகூடிய வேளையிலேயே சபை கலையத் தொடங்கியது. 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின் மலபார் யூதர் அங்குச் செல்ல விழைந்தனர். யானைக்கால் நோயின் அச்சத்தால் அவர்களின் பயணம் தடைப்பட்டபோது, சேலம் தாமே இசுரேல் சென்று அவர்களுக்காக வாதாடினார். 1950களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலோர் புறப்பட்டனர். மாளையில் இருந்த சபையார், 1955இல் ஊரைவிட்டுச் செல்லுமுன், தம் தொழுகைக் கூடத்தையும் இடுகாட்டையும் உடன்படிக்கையின்படி ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தனர். ஒரு குடிமக்கள் சபை தன் கடைசிக் கடமையை இன்னொரு குடிமக்கள் சபையின் கையில் வைத்துச் சென்றது. சேலம் கொச்சியிலேயே தங்கி 1967இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் பரதேசிக் கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா நடந்தபோது இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். இன்று அக்கூடத்தின் விளக்குகளையும் நீலவோடுகளையும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். உள்ளூர் யூதரில் தொழுகைக்கு வேண்டிய பதின்மரோ கிடைப்பதில்லை.

அரசன் அளித்த செப்பேடும், வணிகன் கட்டிய மணிக்கூண்டும் இன்னும் நிற்கின்றன. ஆயினும் சபையை நூற்றாண்டுகளாக நிறுத்தியவை அவை அல்ல. மாலைதோறும் வந்து நின்ற பத்துப் பேரே அதனை நிறுத்தியவர்கள். குரு இல்லாக் குறையை அச்சபை எளிதிற் பொறுத்தது. தன்னவரையே வாயிலில் நிறுத்திய குறைதான் அதனை உள்ளிருந்து அரித்தது. வில்கமுவவின் வயற்கரையில் கூடும் கமக்காரராயினும், விகாரை முற்றத்தில் கூடும் தாயக சபையாராயினும், கொச்சியின் கதை அவர்களுக்கு அந்நியமன்று. பொதுப்பணத்தை இருவர் தண்டி மூவர் பகிர்வது ஒழுங்கின் தொடக்கம். கூட்டத்தில் கடைசி மனிதனுக்கும் ஓர் இருக்கை இருப்பதே அதன் நிறைவு.