மேற்குமலையும் முதற் சூத்திரமும்

இராசபாளையத்தினின்றும் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் மேற்றிசை நோக்குவார்க்கு, 5,000 அடிக்கு மேல் உயர்ந்த சிகரங்களோடு வானை மறித்து நிற்கும் மலைத்தொடர் புலனாகும். அதன்கண்ணது சதுரகிரி. ஆண்டுச் சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் விளங்க, ஆடி அமாவாசையில் அடியார் திரள் தாணிப்பாறை வழியே மலையேறும். மனிதர் பிறந்திறப்பர், மலையோ என்றும் உளதென்பதே ஏறுவார் பலரது கருத்து. அம்மலைதானும் தோன்றியதோ, தோன்றியதாயின் ஒடுங்குவதோ என்னும் வினா நிலநூலார்க்கே உரியதன்று. சிவஞானபோத முதற் சூத்திரத்தின் வாயிலில் நிற்பதாம்.

யாங்ஙனமெனின், உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின் அதற்கொரு கருத்தா உண்டென்பது சித்தாந்தம். மீமாஞ்சகர் இதற்கு உடன்படார். உடம்பும் மரமும் தோன்றியழிதல் கண்கூடு. நிலமும் மலையும் தோன்றக் கண்டார் யாவர்? ஆகலின் உலகம் என்றும் இவ்வாறே உள்ளது என்பர் அவர். சித்தாந்திகளோ, பகுதிகளையுடைய பொருள் பகுதிதோறும் தோன்றி அழியக் காணப்படுமாயின், முழுமையும் அவ்வியல்பினதே என அனுமானத்தால் நிறுவுவர். இதனைத் தம் மாபாடியத்துள் விரித்துரைத்த சிவஞான முனிவர், இம்மேற்குமலையின் தென்பகுதியாகிய பொதிகையின் அடியில், விக்கிரமசிங்கபுரத்தில் அவதரித்தவர். திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரானாக விளங்கி 1785-இல் சிவபரிபூரணம் எய்தினார்.

அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரத்தில், ஜேம்ஸ் ஹட்டன் என்னும் அறிஞரது நிலவரலாற்றுக் கொள்கை கற்றோர் அவையிற் படிக்கப்பட்டது. மலைகள் மழையாலும் காற்றாலும் தேய்ந்து மண்ணாகிக் கடலையடையும். அம்மண் அடியிற்படிந்து இறுகிப் பாறையாகும். உள்வெப்பத்தால் மீண்டும் நிலமாக உயரும் என்றார் அவர். பகுதிகள் தோன்றியழிதலை இங்ஙனம் ஒப்பியவர், முழுமைக்கோ தொடக்கத்தின் அடையாளமும் முடிவின் குறியும் காணப்படவில்லை என்று நிறுத்திக்கொண்டார். முற்பாதியில் சித்தாந்திக்கும் பிற்பாதியில் மீமாஞ்சகனுக்கும் அணுகி நின்றார் என்னலாம். 1862-இல் கெல்வின் என்பார், நிலவுலகம் குளிர்ந்துவரும் பொருளாகலின் அதற்கு வயது உண்டென்று கணித்தார். அவரது தொகை மிகக் குறைந்ததெனப் பின்னர்த் தெளியப்பட்டது. 1956-இல் கிளேர் பேட்டர்சன், விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து, நிலவுலகின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டு என வரையறுத்தார். நிலவுலகம் தோற்றமுடையது என்பதில் இன்று ஆராய்ச்சியாளர்க்கு ஐயமில்லை.

இனி அம்மேற்குமலையையே நோக்குக. இதன் பாறைகளுள் ஒன்று சார்னக்கைட் என்பது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பாரது கல்லறையின் மேற்கல்லும் அவ்வினத்ததாகலின், தாமஸ் ஹாலண்டு 1893-இல் அப்பெயரிட்டார். இப்பகுதிப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகட்கு முன், நிலத்துள் பத்து மைலினும் மிக்க ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருத்திரிந்தவை. அவை இன்று வெயிலிற் கிடத்தல் எதனைக் காட்டும்? மேலேயிருந்த அத்துணை ஆழமான பாறையும் அரித்தொழிந்தமையை அன்றோ? இப்போது நாம் மலையென்பது, தேய்ந்துபோன ஒன்றன் அடிப்பகுதியேயாம். ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகட்கு முன் மடகாஸ்கர் இந்தியாவினின்றும் பிரிந்தது; அப்பிரிவிற்குப் பின்னரே மேற்குமலை இன்றைய எல்லையோரத் தோற்றத்தைப் பெறலாயிற்று.

பாறை தேயும் முறை எளியது. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் பிளவை விரிக்கும். வெங்காயத்தின் தோல்போலப் பாறை அடுக்கடுக்காகக் கழலும். மழைநீர் அதன் ஒரு கூற்றைக் களிமண்ணாக்க, கரையாத கூறு மணலாக எஞ்சும். இராசபாளையத்துச் சஞ்சீவிமலை, அனுமன் கொணர்ந்த மலையினின்றும் வீழ்ந்த துண்டென்பது ஊர்வழக்கு. அவ்வழக்கின் அன்பு போற்றத்தக்கது. எனினும் சமவெளியில் நிற்கும் இத்தகைய தனிக்குன்றுகள், சுற்றுநிலம் தேய்ந்தொழிய வன்மையால் எஞ்சியவை என்பர் நிலநூலார்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையிற் பெரும்பகுதியை மேற்குச்சரிவிலேயே பொழிந்துவிடுதலின், இவ்வூர்கள் மலைமறைவில் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையே இவற்றுக்குப் பெருந்துணை. ஆயின் சிற்றோடையும் ஒரு பொழுதிற் பெருவெள்ளமாதல் உண்டு. 2015 மே மாதத்து அமாவாசையன்று சதுரகிரியில் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளம் அடியார் சிலரது உயிரைக் கவர்ந்தது. பல்லாயிரம் ஆண்டு மெல்லெனத் தேய்க்கும் நீரே ஒரு நாழிகையில் பெருங்கற்களை உருட்டும். மலைவழிச் செல்வார் ஓடையின் வரவை அறிந்து செல்லுதல் பத்திக்குக் குறைவன்று.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். நம்மவருட் சிலர், இவ்வாராய்ச்சி முடிபெல்லாம் ஆகமத்துள் முன்னரே எழுதப்பட்டுள என்று பெருமை பேசுவர். அது வேண்டாத பெருமை. மலை தேய்தல் மகாசங்காரமும் அன்று. நிலநூலார் கணக்கு மாயையின் எல்லையைத் தொடுவதும் அன்று. தோற்றமும் அழிவும் நிலத்திற்கும் உண்டென்னும் முதற்படிக்கே அக்கணக்குச் சான்றாகும். சடமாகிய உலகம் தானே தொழிற்படாது, நிமித்த காரணன் வேண்டும் என்னும் அடுத்த படி, அளவைநூல் வழியாலன்றி நுண்ணோக்காடியாற் பெறப்படுவதன்று. ஆயினும் ஓர் இயைபு கருதத்தக்கது. இல்லது தோன்றாது, உள்ளது முற்றும் அழியாது என்னும் சற்காரியவாதத்திற்கு, பாறை மணலாகி மணல் மீண்டும் பாறையாதல் நல்லதோர் எடுத்துக்காட்டு. உயிர்களின் இளைப்பொழித்தற்பொருட்டு ஒடுக்கப்படும் உலகமும், பின்னர்த் தோன்றுதற்குரிய நிலையில் மாயையில் ஒடுங்குகிறதேயன்றி இன்மையாவதன்று.

அவ்வெடுத்துக்காட்டைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலையடியில் உருண்டைக்கல்லும், அப்பால் மணலும், கண்மாய்களிற் களிவண்டலுமாக, மலை தன்னைத் தரந்தரமாக வகுத்து இறக்கிவைக்கின்றது. கோடையில் உழவர் அவ்வண்டலை வெட்டி வயலுக்கு எருவாகச் சேர்ப்பர். வெட்டாது விட்ட கண்மாய் தூர்ந்து நீர் கொள்ளாது போம். எஞ்சிய மண் அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றிற் கலந்து, மன்னார் வளைகுடாவின் அடியிற் படிகின்றது.