‘வேணும்’ என்பதும் ‘விசுவாசம்’ என்பதும்

நாஞ்சில் நாட்டிலே ‘பள்ளி’ என்னும் சொல் நமக்கு மட்டும் உரியதன்று. நாம் தொழும் இடத்தை அது குறிக்கும். திருவிதாங்கோட்டிலுள்ள பழைய கிறிஸ்தவ ஆலயமும் ‘அரப்பள்ளி’ என்றே வழங்கும். ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர் தோமா கி.பி. 63இல் அதனை எழுப்பினார் என்பது சிரியன் கிறிஸ்தவர்களின் மரபு. அவர்கள் அரபுக்கு உறவுமொழியாகிய சுரியானியில் வழிபட்டு வந்தவர்கள். ஆனால், குமரிக் கடற்கரை நெடுக இன்று நாம் காணும் கத்தோலிக்கம் அவ்வழி வந்ததன்று. அதன் தொடக்கம் பதினாறாம் நூற்றாண்டில். அத்தொடக்கத்தில் நம் முன்னோருக்கும் பங்குண்டு; அது மகிழ்ந்து நினைக்கத்தக்க பங்கன்று.

1530களில் முத்துக்குளித்துறையிலே பரதவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே பகை முற்றியது. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. பரதவரின் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை வேண்டிற்று. 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் வேதாளைப் போரில் மரைக்காயர் கடற்படை தோற்றது. இதைப் படிக்கும் நம்மவர் சிலர், ‘பீரங்கி கொண்டுவந்த மதம்’ என்று கூறி அத்துடன் நூலை மூடிவிடுவர். அது பாதி உண்மையே. பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்ற அம்மக்களுக்கு, தாம் ஏற்ற கொள்கை இன்னதென்று கற்பிக்கத் தக்க ஆளின்றி ஐந்தாண்டுகள் கழிந்தன. மீதிப் பாதி அதன் பிறகே தொடங்குகிறது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னை வாழ்த்து, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனனம் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டினார். ஒவ்வொரு வாசகத்தையும் சொல்லி, ‘விசுவசிக்கிறீர்களா?’ என்று கேட்டார். மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து அவர்கள் ஆமென விடை பகர்ந்தனர். ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தித் தாம் இல்லாத வேளையிலும் ஓதுவிக்கச் செய்தார். ஓதும் பள்ளியில் கலிமாவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய நமக்கு இம்முறை புதியதன்று.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்னவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று எழுதிவிட்டனர். 1544இல் சவேரியார் தம் தோழர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் இதனைத் திருத்துகிறார்: ‘வேணும்’ என்பது விருப்பம், ‘விசுவாசம்’ என்பதே நம்பிக்கை, ஆதலால் பின்னதையே சொல்லவேண்டும் என்பது அவர் அறிவுரை. கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில் ‘வன்பினாலே’ என்ற சொல்லையும் நீக்கச் சொல்கிறார். அது பலவந்தத்தைக் குறிக்கும், அவரோ மனமுவந்து ஏற்றார் என்பது காரணம். பாடுபட்டதைப் பற்றிய அக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும், நம்பிக்கை வேறு, விருப்பம் வேறு, பலவந்தம் வேறு என்று அவர் பிரித்தறிந்ததை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில், குமரிக் கரையும் அடங்கிய திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றனர். ஒரு மாதத்தில் நம்பிக்கை முழுதும் மனத்தில் பதியுமா என்ற வினா எழுவது இயல்பே. அன்றியும், ‘வன்பினாலே’ என்ற சொல்லை நீக்கிய அதே சவேரியார், 1546இல் கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டுமெனப் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதினார். 1560இல் அது அமைந்தது. வரலாறு இரண்டையும் சேர்த்தே நம் முன் வைக்கிறது.

அவர் தொடங்கிய சொற்பணியைச் செம்மை செய்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார். 1546இல் இந்தியா வந்த அவர் தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அது புலவர்க்காக எழுந்ததன்று. கடலோர மக்கள் இறைவணக்கம் கற்பதற்காக எழுந்தது. ‘தம்பிரான்’ என்பதும் ‘வணக்கம்’ என்பதும் பாதிரியார் கப்பலில் ஏற்றிவந்த சொற்களல்ல, இங்கேயே இருந்தவை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவிடும்வரை பூசை இலத்தீனில் நடந்தது. வீட்டுச் செபமோ தமிழில் நடந்தது. தொழுகையை அரபியில் நிறைவேற்றி, மார்க்க விளக்கத்தைத் தமிழிலும், அரபு எழுத்தில் வரைந்த அரபுத்தமிழிலும் பெற்ற நம் வரலாறு இதற்கு எவ்வளவு அண்மையது!

சவேரியார் மறைந்த நாளாகிய டிசம்பர் 3ஆம் நாள் கோட்டாற்றுப் பேராலயத்தில் பெருவிழா நடைபெறுகிறது. தக்கலையிலோ பீர்முகம்மது அப்பா அவர்களின் ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் இரவெல்லாம் ஓதப்படுகிறது. ஒரே மாவட்டத்து மக்கள் இருவேறு நம்பிக்கைகளை ஒரே தமிழில் நெஞ்சில் பதித்துக்கொண்டனர். முத்துக்குளித்துறையில் மூண்ட பகையை நாம் மறைக்கவேண்டியதில்லை. அதனை இன்றும் சுமந்து திரியவேண்டியதும் இல்லை. அண்டை வீட்டார் தம் பிள்ளைக்கு முதலில் கற்பிக்கும் இறைவணக்கம் எப்படி வந்தது என்று அறிந்துகொள்வது, நம் பிள்ளைக்கு நாம் கற்பிப்பதன் அருமையையும் நமக்கு உணர்த்தும்.